நூலக ஒலிநூல் திறக்கவில்லை, பேசவில்லை, பிதற்றுகிறது: எங்கே பார்ப்பது?

அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கென்று நடக்கும் இணைய நூலகங்களில் உறுப்பினரான பிறகு வரும் தொல்லைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதற்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சுகம்ய புஸ்தகாலயாவை ஒட்டியவை. 2016 ஆகஸ்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா (டெய்சி என்பது தலைப்பு வாரியாகத் தாவிப் படிக்கத்தக்க நூல் வடிவம்; அதில் நூல் தயாரிக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பு இது), டி.சி.எஸ். ஆகியவை சேர்ந்து தொடங்கிய நூலகம் இது. பல அமைப்புகள் தயாரித்த நூல்கள் இங்கே ஓரிடத்தில் கிடைக்கின்றன. புக்‌ஷேர் முதலிய மற்ற நூலகங்களில் பக்க அமைப்பு வேறாக இருந்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய இவையேதான்.

முதலில் ஒரு வேண்டுகோள். எந்தக் கோளாறாக இருந்தாலும் செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவது என்பது நம்மவர்களிடம் வேரூன்றிய பழக்கமாகிவிட்டது. ஒலிநூல் செயலியை அப்படி நீக்கினால் அதற்குள் இறக்கி வைத்த நூல்கள், நீங்கள் இட்ட அடையாளக் குறிகள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்ற நினைவு எல்லாம் சேர்ந்து போய்விடும். கோளாறு மட்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். உறுப்பினர் கணக்கு, கோப்பின் வடிவம், பேசும் குரல் என்ற மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும். பிரெய்ல் பிரிவு ஒன்றில் வாசகர்களுக்கு உதவி வரும் எனக்கு வரும் அழைப்புகளில் செயலியே பழுதானது என்று சொல்லத்தக்கவை மிகச் சில.

விண்ணப்பித்தேன், "உங்களுக்குத் தகுதியில்லை" என்கிறார்கள்

சுகம்ய புஸ்தகாலயாவில் உறுப்பினராவதற்கு டெய்சி ஃபோரத்தில் அங்கம் வகிக்கும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் வழியாகச் சேர வேண்டும். அந்த நிறுவனம் உங்கள் சான்றிதழைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கணக்கு உயிர்பெறும். ஆகவே பதில் வராமல் நாள் கடந்தால், விண்ணப்பத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த நிறுவனத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சான்றிதழின் படம்தான்: மருத்துவரின் கையொப்பமோ முத்திரையோ ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது தற்காலிகச் சான்றிதழின் காலம் முடிந்திருக்கும். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் இரண்டு பக்கங்களையும் தட்டையாக வைத்து, வெளிச்சம் எதிரொளிக்காமல் படமெடுத்து அனுப்புங்கள். படமெடுப்பவர் பார்வையுள்ள ஒருவராக இருந்தால் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவரால் படிக்க முடியாத படத்தை அலுவலகத்தில் இருப்பவராலும் படிக்க முடியாது.

தகுதி இல்லை என்ற பதில் வேறு வகை. இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தசைச் சிதைவு நோயுள்ள ஓர் இளைஞருக்காக ஓர் அமைப்பிடம் பேசினேன். புத்தகத்தைக் கையில் பிடிக்கவோ தாளைப் புரட்டவோ அவரால் இயலாது. "கண் நன்றாகத்தானே இருக்கிறது, சார்?" என்று கேட்டுவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்வியே தவறு. 2013 ஜூன் மாதத்தில் மராக்கெஷ் நகரில் ஏற்கப்பட்டு 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள மராக்கெஷ் உடன்படிக்கை, பார்வையற்றவர்களோடு, படிப்பதில் குறைபாடு உள்ளவர்களையும், உடல் இயலாமையால் நூலைப் பிடிக்கவோ கையாளவோ முடியாதவர்களையும், படிப்பதற்கேற்பக் கண்ணை நிலைநிறுத்தவோ நகர்த்தவோ இயலாதவர்களையும் பயனாளிகளாகப் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்த உடன்படிக்கைக்கு உலகிலேயே முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா, ஆண்டு 2014. அதற்கும் முன்பே, 2012 திருத்தத்தின் வழியாக நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூலைப் படியெடுக்க இடமளித்துவிட்டது. அங்கே மாற்றுத்திறனாளிகள் என்றுதான் இருக்கிறதே தவிர பார்வையற்றோர் என்று இல்லை. எனவே மறுப்பு வந்தால் சோர்ந்து போகாமல், "அச்சு நூலைக் கையாள இயலாத உடல் குறைபாடு" என்ற சொற்களை மருத்துவரின் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்கி மீண்டும் விண்ணப்பியுங்கள். அந்த நிறுவனம் அப்போதும் மறுத்தால் வேறோர் உறுப்பு நிறுவனத்தின் வழியாக முயலுங்கள். அந்த இளைஞர் இரண்டாவது வழியில்தான் உறுப்பினரானார்.

கணக்கு இருக்கிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறது

மின்னஞ்சல் முகவரியைத் திறன்பேசியின் விசைப்பலகை பரிந்துரைத்து, அதை நீங்கள் தொட்டுத் தேர்ந்தெடுத்தால், முகவரியின் கடைசியில் ஓர் இடைவெளி தானாகச் சேர்ந்துவிடுவது உண்டு. கண்ணுக்கும் தெரியாது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைபடிப்பானும் பல நேரங்களில் சொல்லாது. ஆனால் கணினிக்கு அது வேறு முகவரி. கட்டத்தின் இறுதிக்குச் சென்று ஒரே ஒருமுறை அழிப்பு விசையை அழுத்திப் பாருங்கள். "இடைவெளி அழிக்கப்பட்டது" என்று குரல் வந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்தது, வேறு எழுத்து அழிந்தால் அதைத் திரும்பத் தட்டச்சிடுங்கள். கடவுச்சொல்லின் முதல் எழுத்தை விசைப்பலகை தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைத் திரைபடிப்பான் புள்ளி, புள்ளி என்று மட்டுமே சொல்லும் என்பதால் இந்தப் பிழை பிடிபடாது. கடவுச்சொல்லை வேறொரு குறிப்பில் எழுதி, எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்த்து, நகலெடுத்து ஒட்டிவிட்டு, அந்தக் குறிப்பை மறக்காமல் அழித்துவிடுவதே எனக்குத் தெரிந்த சுருக்கமான வழி.

இணையதளத்தில் நுழைய முடிகிறது, ஈஸிரீடர் முதலிய செயலிக்குள் நூலகத்தைச் சேர்க்கும்போது மட்டும் மறுக்கிறது என்றால், செயலிக்கென்று தனியாக உருவாக்கிய கணக்கின் கடவுச்சொல்லை நூலகத்தின் கட்டத்தில் இடுகிறீர்கள் என்று பொருள். இரண்டும் வெவ்வேறு வாசல்கள்.

தேடினால் அப்படியொரு நூலே இல்லை என்கிறது

தமிழ் நூல்களைத் தேடுவோருக்கென்றே வாய்த்த தொல்லை இது. பட்டியலில் நூலின் பெயரை ஏற்றியவர் தமிழ் எழுத்தில் ஏற்றியிருக்கலாம், ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கலாம். ஆங்கில எழுத்தென்றால் "வாழ்க்கை" என்ற ஒரு சொல்லையே நாலைந்து விதமாக எழுதுவார்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட், எச் இடுவார், இன்னொருவர் எல் இடுவார், நெடிலுக்கு ஒரு ஏ போதும் என்பார் ஒருவர், இரண்டு வேண்டும் என்பார் மற்றவர். ஆகவே முழுப் பெயரையும் இட்டுத் தேடாமல், எழுத்துக்கூட்டலில் குழப்பம் வராத ஒரே ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுங்கள்; அல்லது ஆசிரியரின் பெயரை இட்டு, மொழி தமிழ் என்று வடிகட்டிப் பாருங்கள்.

தமிழ் எழுத்தில் ஏற்றியிருந்தாலும் நிம்மதியில்லை. "கொ" என்ற எழுத்தின் குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் இடலாம், முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக இரண்டு குறிகளாகவும் இடலாம். "ஸ்ரீ" என்பதற்கும் ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று என இரண்டு வடிவங்கள் உண்டு. கேட்பவர் காதுக்கு ஒன்றாக ஒலிப்பவை தேடுபொறிக்கு வேறு வேறாகப் படலாம். தேடிய சொல்லில் கொம்புக்கால் எழுத்தோ ஸ்ரீயோ இருந்து விடை வராவிட்டால், அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லால் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

பதிவிறக்கம் ஆனது, நூல் திறக்கவில்லை

பதிவிறக்கம் உண்மையில் முடிந்ததா என்பதே முதல் கேள்வி. நூலைக் கோரியவுடன் கோப்பு கையில் விழுந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. நீங்கள் கேட்ட வடிவத்தில் அது தயாராகி, உங்கள் கணக்கின் பதிவிறக்கப் பட்டியலில் இணைப்பாக வரும் வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும். ஒரே நூலைப் பொறுமையின்றி ஐந்து முறை கோரினால் பட்டியல்தான் நீளும்.

அடுத்தது இடம். விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்த எம்பி3 ஒலி, மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் பிடிக்கும். 12 மணி நேர நாவல் என்றால் 350 மெகாபைட். அது ஜிப் கோப்பாக வருகிறது; ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி ஜிப்பில் மேலும் சுருங்குவதில்லை; எனவே விரித்து எடுக்கும்போது ஜிப்புக்கு ஒரு 350, விரித்த கோப்புறைக்கு ஒரு 350 என்று 700 மெகாபைட் காலியாக இருக்க வேண்டும். இடம் போதாமல் விரிப்பது பாதியில் நின்றால் சில செயலிகள் அதைச் சொல்லாமலே விட்டுவிடும். நூல் முதல் மூன்று அத்தியாயங்களோடு முடிந்துபோனதாகத் தோன்றும்.

இடமும் இருக்கிறது, முழுதாக விரிந்தும் இருக்கிறது, இருந்தும் திறக்கவில்லை என்றால் கோப்புறைக்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள். டெய்சி நூல் என்பது ஒற்றைக் கோப்பு அன்று. ஒலிக்கோப்புகள் ஒரு பக்கம். எந்தத் தலைப்பு எந்த ஒலிக்கோப்பின் எந்த நொடியில் தொடங்குகிறது என்று சொல்லும் சிறு சிறு ஸ்மில் கோப்புகள் ஒரு பக்கம். இவற்றையெல்லாம் கோத்துக் கொடுக்கும் பொருளடக்கக் கோப்பு ஒன்று. டெய்சி 2.02 பதிப்பில் அதன் பெயர் என்.சி.சி.; டெய்சி 3இல் அந்த வேலையை ஓ.பி.எஃப்., என்.சி.எக்ஸ். என்ற இரண்டு கோப்புகள் செய்கின்றன. "பாட்டுக் கோப்புகள் மட்டும் போதும், மற்றவை குப்பை" என்று வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு அழித்துவிட்டால் நூலின் முதுகெலும்பு போய்விடும். பெயரை மாற்றினாலும் இதே கதிதான். சில நேரங்களில் ஒரு கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகி, அதற்குள் நூல் ஒளிந்திருக்கும். செயலிக்கு உள்ளேயிருக்கும் கோப்புறையைக் காட்ட வேண்டும். நூலை ஜிப்பாகவே செயலியில் சேர்க்க முடிந்தால் அதுவே பாதுகாப்பு. விரிக்கும் வேலையைச் செயலியே பார்த்துக்கொள்ளும்.

திறக்கிறது, தலைப்பு வருகிறது, பேசவில்லை

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாலை ஏழு மணிக்கு அழைத்தார். "தம்பி, புத்தகம் வந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது." கோப்பு எவ்வளவு பெரியது ஐயா என்று கேட்டேன். திரைபடிப்பான் சொன்னதை அப்படியே சொன்னார்: 640 கிலோபைட். நானூறு பக்க நூலின் ஒலி ஒரு மெகாபைட்டுக்குள் அடங்காது. அவர் இறக்கியிருந்தது உரை மட்டும் உள்ள டெய்சி. அதில் ஒலியே கிடையாது, திறன்பேசியின் குரல்தான் படித்துக் காட்ட வேண்டும். கோப்பின் அளவைக் கேட்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

இப்படி நேர்ந்தால் இரண்டு வழிகள் உண்டு. மனிதக் குரலில் பதிந்த ஒலி வடிவம் அந்த நூலுக்கு இருக்கிறதா என்று பார்த்து அதைக் கோருவது ஒன்று. இல்லையென்றால் திறன்பேசியில் தமிழ்க் குரலை நிறுவ வேண்டும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் உள்ள அணுகல்தன்மைப் பகுதியில் உரையைப் பேச்சாக்கும் பிரிவைத் திறந்து, கூகுளின் பேச்சு எந்திரத்தைத் தேர்ந்து, குரல் தரவுகளில் தமிழைப் பதிவிறக்க வேண்டும்; தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பட்டியலின் பெயர்கள் மாறும் என்பதால், அமைப்புகளின் தேடல் கட்டத்தில் பேச்சு என்று இட்டுத் தேடுவது எளிது. கணினியில் என்விடிஏ என்ற திரைபடிப்பானைப் பயன்படுத்துவோருக்கு அதனுடனேயே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும். இரும்புத் தொண்டை என்று முதலில் கசக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் எழுத்துத் தெளிவு குறையாததால், பழகியவர்கள் பலர் அதை விடுவதே இல்லை.

ஆங்கிலச் சொற்கள் வரும்போது மட்டும் பேசி, தமிழை மௌனமாகத் தாண்டிப் போகிறது என்றால் தமிழ்க் குரல் நிறுவப்படவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தமிழ்க் குரல் இருந்தும் இப்படி நடந்தால், நூலைத் தயாரித்தவர் அதன் மொழி ஆங்கிலம் என்று தவறாகக் குறித்திருப்பார்; திரைபடிப்பான் அந்தக் குறிப்பை நம்பி ஆங்கிலக் குரலுக்குத் தாவிவிடும். என்விடிஏ அமைப்புகளில் பேச்சுப் பிரிவில், மொழியைத் தானாக மாற்றிக்கொள்ளும் விருப்பத் தேர்வை நீக்கிவிட்டால் தமிழ்க் குரலே தொடர்ந்து படிக்கும்.

பேசுகிறது, ஆனால் பிதற்றுகிறது

"எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று குரல் ஓதினால் பயப்பட வேண்டாம்; அது "அம்மா" என்கிறது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நூல்கள் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும்; அந்த எழுத்துரு போட்டிருக்கும் முகமூடியால்தான் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைபடிப்பானுக்கு முகமூடி தெரியாது, முகம்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்ற பிறகும் அச்சகங்களில் இந்தப் பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன, அங்கிருந்து வந்த நூல்களில் இந்தக் குறை தொடர்கிறது. உரையை நகலெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றலாம். முழு நூலையும் மாற்றும் முன் ஒரு பத்தியை மாற்றிக் கேளுங்கள். எழுத்துரு பாமினி அல்லாமல் வேறொன்றாக இருந்தால் வேறு வகைப் பிதற்றல் வரும், அப்போது மாற்றியில் அடுத்த எழுத்துருவைத் தேர்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு வகைப் பிதற்றல் நயமானது: பெரும்பாலும் சரியாகப் படித்துக்கொண்டே வந்து, சில சொற்களில் மட்டும் தடுக்கும். "அவர்கள்" என்பதில் ரகரம் காணாமல் போனால், தட்டச்சிட்டவர் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இதைத் திருத்துவது சுலபம். காலுக்கு மேல் புள்ளி என்ற சேர்க்கை தமிழில் எங்குமே வராது என்பதால், வேர்டு வடிவத்தில் உள்ள நூலில் மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம். "பௌர்ணமி" என்பதைக் குரல் "பெ, ளர்ணமி" என்று உடைத்தால், ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் இட்டிருக்கிறார்கள். இதை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை மாற்றினேன். நூல் முழுவதிலும் "தெளிவு" கெட்டுப்போனது.

அத்தியாயம் முன்பின்னாக வருகிறது, திரை அணைந்தால் நின்றுவிடுகிறது

ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று, அதன் பிறகு இரண்டு என்று வந்தால், எம்பி3 கோப்புகளின் பெயரில் எண்ணுக்கு முன் சுழியம் இல்லை. தனித்தனி எம்பி3 கோப்புகளாக வந்த நூலென்றால் 01, 02 என்று பெயரை மாற்றுங்கள். டெய்சி நூலென்றால், முன்பே சொன்னபடி பெயரைத் தொடக்கூடாது, பாட்டுக் கேட்கும் செயலியை விட்டுவிட்டு டெய்சி செயலியில் திறக்க வேண்டும். தலைப்பு வாரியாகவும் பக்க வாரியாகவும் தாவும் வசதியும் அப்போதுதான் கிடைக்கும். திரை அணைந்த சற்று நேரத்தில் குரல் நிற்பது ஆண்ட்ராய்டின் மின்கலச் சிக்கன ஏற்பாட்டின் வேலை. அந்தச் செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் முதலிய ஒலிநூல் கைக்கருவியில் நூல் தெரியவில்லை

நினைவக அட்டையின் மேல்மட்டத்தில் நூலைப் போட்டால் கருவி அதைத் தேடாது. டெய்சி நூல்களுக்கென்று டாலர் குறியில் தொடங்கி வி, ஆர், டி, டி, பி என்ற பெயரில் ஒரு கோப்புறையைக் கருவியே அட்டையில் உருவாக்கியிருக்கும். ஒவ்வொரு நூலையும் தனிக் கோப்புறையாக அதற்குள் வைக்க வேண்டும். வெறும் எம்பி3 நூல்களுக்கு உரியது வேறு கோப்புறை, டாலர் குறிக்குப் பின் வி.ஆர்., அதர் புக்ஸ் என்பது அதன் பெயர். மாற்றி வைத்தால் அமைதிதான் பதில்.

கையால் திரையைத் தொட இயலாதவருக்கு

ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் வெளிப்புறப் பொத்தான் ஒன்றை இணைத்து, அதைத் தலையாலோ முழங்கையாலோ அழுத்தித் திரையில் நகரும் வசதி அணுகல்தன்மைப் பகுதியிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தியும் இயக்கு விசையில் நிற்காமல் தாண்டிப் போகிறது என்றால், தானாக நகரும் வேகம் அந்தக் கைக்கு அதிகம். இடைவெளி நேரத்தை இரட்டிப்பாக்கிவிட்டுப் பயனரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன இளைஞர் நான்கு விநாடியில் வைத்திருக்கிறார். ஒருமுறை இயக்கிவிட்டால் ஒரு மணி நேரம் தொடாமல் ஓட வேண்டும் என்பதற்காக, ஒலிநூலை அத்தியாயக் கோப்புகளாக அன்றி டெய்சியாகவே எப்போதும் கோருகிறார்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீரவில்லை

அப்போது பழுது நூலிலேயே இருக்கலாம்; தன்னார்வலர் பதிந்த ஒலியில் இரண்டு பக்கங்கள் விட்டுப்போவதும், ஓர் அத்தியாயம் இருமுறை வருவதும் உண்டு. நூலகத்துக்கு எழுதும்போது "புத்தகம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. நூலின் பெயரையும் அதைத் தயாரித்த அமைப்பின் பெயரையும், எந்த வடிவத்தை எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்பதையும், கோப்பின் அளவையும், பழுது வரும் தலைப்பையும் மணி, நிமிடக் கணக்கையும் எழுதி, அதற்குச் சற்று முன் ஒலிக்கும் வாக்கியத்தைக் கேட்டது கேட்டபடி சேர்த்து அனுப்புங்கள். பதிந்தவர் அச்சுப் பிரதியில் விரலை வைக்க வேண்டிய இடம் அந்த வாக்கியம்தான்.